நீண்ட வயது நெல்லும் புது விதையின் பிறப்பும்

"105 நாளில் அறுவடைக்கு வரும் நெல் இருக்கையில், 150 நாள் வயலில் நிற்கும் சம்பா எதற்கு?" என்று கேட்கும் அங்கத்தினர் உண்டு. மேட்டூர்த் தண்ணீர் தாமதமாக வரும் ஆண்டுகளில் இக்கேள்வி நியாயமானதே. ஆயினும், குறுகிய வயது நெல் எங்கிருந்து பிறந்தது என்பதை அறிந்தால் விடை தானே விளங்கும்.

கதிர் உருவாகத் தொடங்கியது முதல் பூப்பதற்கு ஏறக்குறைய 35 நாளும், பூத்தபின் மணி முற்றுவதற்கு 30 நாளும் ஆகும். எவ்வகை நெல்லுக்கும் இக்கணக்கில் பெரும் வேற்றுமை இல்லை. வேற்றுமையெல்லாம் தூர் கட்டி வளரும் முற்பருவத்திலேயே உள்ளது. பழைய சம்பா வகைகளிற் பல, பகற்பொழுது சுருங்கினாலன்றிக் கதிர் உருவாக்குவதில்லை. ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் அவை ஏறக்குறைய ஒரே காலத்தில் பூப்பது இதனாலேயே.

கோணாமணி என்னும் நெல்லிலிருந்து கோயம்புத்தூரில் பொறுக்கியெடுத்து, 1921இல் வெளியிடப்பட்டது ஜி.இ.பி. 24. கிச்சிலிச் சம்பா என்று வழங்குவதும் இதுவே. சன்ன அரிசி; நீண்ட வயது. இதனையும் ஜப்பான் நாட்டு நோரின் 10 நெல்லையும் கலந்த சந்ததியிலிருந்து, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்ததே ஏ.டி.டி. 27. 1960களின் நடுவில் தஞ்சைக் குறுவை வயல்களில் விரைந்து பரவிய 105 நாள் நெல் அதுதான். குறுவையின் பெற்றோரில் ஒன்று சம்பா!

இத்தகைய கலப்பு எளிதன்று. நெற்பூ முற்பகலில் சிறிது நேரமே விரிந்து மூடிக்கொள்ளும். மகரந்தம் சில நிமிடங்களிலேயே வீரியமிழக்கும். ஆகவே இரு பெற்றோரும் ஒரே நாளில் பூக்க வேண்டும். அதன்பொருட்டு நீண்ட வயதுடையதை முந்தியும், குறுகியதைப் பின்னர்ப் பல தவணைகளாகவும் விதைப்பர். தாய்ச்செடியின் பூவில் ஆறு மகரந்தப் பைகளையும் முன்மாலையிலேயே நீக்கிக் காகித உறையிட்டு, மறுநாள் தந்தைச்செடியின் மகரந்தத்தைத் தூவுவர்.

இன்றும் இப்பணி தொடர்கிறது. ஒரிஸா நாட்டு நெல்வழி வந்த எஃப்.ஆர். 13ஏ, வெள்ளத்தில் மூழ்கியும் அழுகாத குணமுடையது. அக்குணத்தை நீண்ட வயதுடைய சி.ஆர். 1009 நெல்லில் சேர்த்து ஆக்கியதே சி.ஆர். 1009 சப்-1. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரு வாரம் வரை மூழ்கினாலும் அது மீண்டு தழைக்க வல்லது.

பாவின்றி ஊடு மட்டும் துணியாகாது. அவ்வாறே பழைய விதையின்றிப் புது விதை இல்லை. ஒருமுறை அழிந்த வகையை எந்த ஆராய்ச்சி நிலையத்தாராலும் மீண்டும் படைக்க இயலாது. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும் வழக்கம் ஏற்பட்டது. இது கூட்டுறவு முறையே அன்றோ? அங்கத்தினர் ஒவ்வொருவரும் பத்துக் குழியிலேனும் ஒரு பழைய சம்பாவைக் கலப்பின்றிப் பயிரிட்டு, நன்கு உலர்த்திய விதையைச் சங்கத்தில் சேர்ப்பாராயின், நம் பிள்ளைகளின் வயலுக்கு வேண்டிய புது நெல்லுக்கு இன்றே வித்திட்டவராவோம்.