நிலம் நடுங்கினால் ஊற்று என்னாகும்?

ஜப்பானின் குமமோட்டோ நகரில் சுய்சென்ஜி என்றொரு பழைய தோட்டம் இருக்கிறது. மண்ணைக் குவித்து ஒரு குட்டி ஃபுஜி மலை எழுப்பி, பக்கத்தில் குளம் அமைத்திருக்கிறார்கள். அடியிலிருந்து ஊறும் தெளிந்த நீர்தான் குளத்துக்கு ஆதாரம். 2016 ஏப்ரல் 16, நள்ளிரவு தாண்டிய நேரம், 7.0 அளவில் பூமி அதிர்ந்தது. அதன்பின் குளம் வற்றத் தொடங்கி, தரை வெளியே தெரிந்தது.

ஏழு லட்சம் பேருக்கு மேல் வாழும் அந்நகரத்தின் குழாய்களில் வருவதும் நிலத்தடி நீரே. பதற்றம் இருக்காதா?

நகருக்குக் கிழக்கே அசோ எரிமலை. அது என்றோ கக்கிய சாம்பல் படுகைகளில் மழைநீர் இறங்கி, மெதுவாகக் கசிந்து நகருக்கு வருகிறது. அதிர்ச்சியில் தரைக்கடியில் புதிய வெடிப்புகள் விழ, தண்ணீர் அவற்றுக்குள் இறங்கிவிட்டது. சில வாரங்களில் குளத்துக்கு நீர் திரும்பியது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். பல கிணறுகளில் நீர்மட்டம் முன்பிருந்ததைவிட உயர்ந்தது! எங்கிருந்து வந்தது? மழைநீருக்கும் கைரேகை உண்டு. மேகம் மலையேறும்போது கனமான ஆக்சிஜன் கொண்ட நீர் முதலில் பொழிந்துவிடும். உயரத்தில் பெய்வது லேசான நீர். கிணற்று நீரைச் சோதித்தபோது கிடைத்தது மலையின் ரேகை. குலுக்கலில் மலைப்பாறையின் ஊற்றுக்கண்கள் திறந்துகொண்டிருக்கின்றன.

கலிஃபோர்னியாவின் நாப்பாவில் 2014 ஆகஸ்டில் நடந்ததும் இதே கதைதான். கடும் வறட்சி, மழையே இல்லை. 6.0 அளவு நடுக்கத்துக்குப் பின் காய்ந்த ஓடைகளில் தண்ணீர் ஓடியது.

நிலநடுக்கம் பக்கத்தில்தான் வரவேண்டும் என்பதுமில்லை. 1964இல் அலாஸ்கா குலுங்கியபோது, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தெற்கு டகோட்டாவின் பெல் ஃபூர்ஷ் ஊரிலிருந்த ஒரு கிணற்றில் நீர் சுமார் 7 மீட்டர் ஏறி இறங்கியது. கடந்துபோகும் அலை, நீர் நிறைந்த பாறையை ஈரத்துணிபோல் பிழிந்து விட்டுவிடுகிறது. பெரும்பாலும் இது சிறிது நேர ஆட்டம்தான்.

ஆனால் எல்லா ஊருக்கும் தண்ணீர் திரும்புவதில்லை. 1998 செப்டம்பரில் பென்சில்வேனியாவின் பைமாடூனிங் பகுதியில் வந்தது 5.2 அளவு நடுக்கம்தான். பள்ளத்தில் புது ஊற்றுகள் கிளம்பின. மேட்டிலோ நீர்மட்டம் 100 அடிவரை இறங்கியது. மூன்று மாதத்துக்குள் சுமார் 120 வீட்டுக் கிணறுகள் வற்றிப்போயின.