பிராணவாயு உணர்கருவியின் பழுதை அறியும் விதம்

பெட்ரோல் காரில் எஞ்சின் விளக்கு எரிந்ததும், புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்ஸார் என்னும் பிராணவாயு உணர்கருவியை உடனே மாற்றிவிடுவது பலருடைய வழக்கம். நெற்பயிர் மஞ்சளித்ததும் உரக்குறைவென்று துணிந்து, வேரடியில் தேங்கிய நீரைப் பாராதிருப்பதை இது ஒக்கும்.

சாதாரண ஜிர்க்கோனியா வகைக் கருவி, சுமார் 300 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறிய பின்னரே சரிவர வேலை செய்யும். கலவையில் பெட்ரோல் மிகுந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ட்டும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டும் காட்டும். சூடேறிய எஞ்சின் ஓடுகையில், முன்கருவியின் அளவு இவ்விரண்டிற்குமிடையே ஓயாது ஏறியிறங்க வேண்டும்.

அளவு தாழ்ந்தே நின்றால், முதற்கண் சோதிக்க வேண்டுவது கருவியையன்று. அதற்கு முன்னுள்ள குழாயிணைப்புகளையே. சிறு வெடிப்பிருப்பினும் வெளிக்காற்று உட்புகும். கருவி அதனை உள்ளபடி தெரிவிக்க, காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலை மேன்மேலும் கூட்டும். புதுக்கருவி பொருத்தினும் பயனில்லை. இங்ஙனம் விட்டுவைத்தால், கருவியினும் பன்மடங்கு விலையுள்ள கேடலிட்டிக் கன்வெர்ட்டரும் மிகுசூட்டால் கெடும். இணைப்பருகே கரி படிந்திருப்பதும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புகையில் கேட்கும் சீறலும் கசிவைக் காட்டிக்கொடுக்கும்.

கசிவில்லையெனில், ஆக்ஸிலரேட்டரைச் சட்டென அழுத்தச் செய்து பார்க்க. அளவு விரைவில் 0.8க்கு மேல் ஏறாவிடின், கம்பிகளையும் சோதித்த பின்னர் கருவியை மாற்றலாம். அகல்வீச்சு வகைக் கருவிகளுக்கு இவ்வளவுகள் பொருந்தா. கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள கருவி பெரும்பாலும் அசையாது நிற்பது பழுதன்று, அது நல்லறிகுறியே.