வரியை அளக்கச் சட்டம் உண்டு. படத்தைப் பார்ப்பது யார்?

பெங்களூரு: நாட்டின் அரசியலுக்குத் தில்லி தலைநகர் என்றால் அறிவியலுக்குத் தலைநகர் பெங்களூரு. இந்திய அறிவியல் கழகம், சர் சி.வி. ராமன் 1934-ல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி, 1932 முதல் வெளிவரும் "கரன்ட் சயின்ஸ்" ஆய்விதழ் ஆகிய மூன்றும் இந்நகரில்தான் உள்ளன. ஆய்விதழ்களில் நேர்மை குறித்து நாட்டில் அதிகம் பேசப்பட்ட சர்ச்சைகளில் இரண்டு எழுந்ததும் இங்கேதான்.

முதலாவது சர்ச்சை 2012 பிப்ரவரியில் செய்தியானது. அதன் மையத்தில் இருந்தவர் சாதாரண விஞ்ஞானி அல்ல; பிரதமரின் அறிவியல் ஆலோசனைக் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்த சி.என்.ஆர். ராவ். கிராபீன் என்ற கரிமப் பொருளைக் கொண்டு அகச்சிவப்புக் கதிர்களைக் கண்டறியும் கருவி பற்றி, இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் எஸ்.பி. கிருபாநிதி மற்றும் இரு இளம் ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2011-ல் "அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்" இதழில் வெளியானது. அதில் சில வாக்கியங்கள், அதற்கு முந்தைய ஆண்டு "அப்ளைடு பிசிக்ஸ் லெட்டர்ஸ்" இதழில் வேறொரு குழு எழுதிய கட்டுரையில் இருந்தவை. இது தெரியவந்ததும் ராவும் கிருபாநிதியும் வருத்தம் தெரிவித்தனர். இதழும் அந்த வருத்தக் குறிப்பை வெளியிட்டது.

ஆய்வின் முடிவுகள் சொந்தமானவை, முன்னுரைப் பகுதியில் சில வரிகள் மட்டுமே வந்துவிட்டன, அந்தப் பகுதியை எழுதியவர் ஓர் ஆராய்ச்சி மாணவர் என்பவை அப்போது தரப்பட்ட விளக்கங்கள். கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. 2013 நவம்பரில் ராவுக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டபோது பழைய விவகாரம் மீண்டும் பேசப்பட்டது, பிறகு அடங்கியது.

நான்கு பேர் பெயரில் வெளியான கட்டுரையில் தவறு நேர்ந்தால் நால்வரில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அன்று தெளிவான விதி இல்லை. பாராட்டு வரும்போது முதல் வரிசையில் மூத்தவர் நிற்பதும், பழி வரும்போது மாணவர் நிற்பதும் ஆய்வுக்கூடங்களில் புதிதல்ல.

வரிகளில் இருந்து படங்களுக்கு

இரண்டாவது சர்ச்சை இதைவிடக் கடுமையானது. தேசிய உயிரி அறிவியல் மையத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று, பாக்டீரியாக்களில் இரும்புச் சத்தை உணரும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைக் கண்டறிந்ததாக 2020 அக்டோபரில் "நேச்சர் கெமிக்கல் பயாலஜி" இதழில் எழுதியது. பெரும் வரவேற்புக் கிடைத்தது. ஆனால், வெளியான கட்டுரைகளை வாசகர்கள் அலசும் "பப்பியர்" இணையத் தளத்தில், கட்டுரையில் உள்ள சோதனைப் படங்கள் இயல்பாக இல்லை என்று சிலர் சுட்டிக்காட்டினர். மையம் தனது நெறிமுறைக் குழு மூலம் விசாரித்தது. படங்கள் திருத்தப்பட்டிருந்தது உறுதியானது. 2021-ன் நடுப்பகுதியில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

வெளியான ஓராண்டுக்குள் ஒரு கட்டுரை இவ்வாறு திரும்பப் பெறப்படுவது இந்தியாவில் அரிது. அந்த வகையில் மையத்தின் வேகத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால் குறையைக் கண்டுபிடித்தவர்கள் இதழின் மதிப்பீட்டாளர்களும் அல்லர், அரசு அமைப்புகளும் அல்லர். ஊதியம் ஏதும் பெறாமல் இரவில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த பெயர் தெரியாத வாசகர்கள்தான்.

இந்த இரு சம்பவங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், 2018-ல், பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்துடன் ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 சதவீதம் வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான பொதுவான தொடர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்ற அளவுக்கு நுட்பமாக அளவுகோல் வகுக்கப்பட்டது.

இந்த அளவுகோல் முதல் வகைத் தவறுக்கு, அதாவது வரிகளை எடுத்தாள்வதற்கு, பொருந்தும். இரண்டாவது வகைக்குப் பொருந்தாது. ஒரு சோதனையே நடக்காமல் எண்களை எழுதினாலும், ஒரே படத்தைத் திருப்பிப் போட்டு வேறு சோதனை என்று காட்டினாலும் ஒப்பீட்டு மென்பொருள் பூஜ்ய சதவீதம் என்றே காட்டும். பொய்த் தரவுகளையும் உள்ளடக்கி, முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2019-ல் கல்விசார் நெறிமுறைகளுக்கான தேசியக் கொள்கை வரைவை வெளியிட்டது. அது சட்டமாகவில்லை.

பட்டியல் வந்தது, போனது

தவறுக்கான தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்வுக் கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று 2009-ல் மானியக் குழு விதித்தது. 2010-ல் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளைக் கொண்டு புள்ளி கணக்கிடும் முறை வந்தது. லட்சக்கணக்கானோர் கட்டுரைக்கு இடம் தேட, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2013-ல் அமெரிக்காவின் "சயின்ஸ்" இதழ் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த போலிக் கட்டுரை ஒன்றை 304 இதழ்களுக்கு அனுப்பியது. 157 இதழ்கள் ஏற்றன. அவற்றில் இந்தியாவில் இருந்து நடத்தப்பட்டவை கணிசமானவை. ஐதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனம், கட்டுரைகளை முறையாக மதிப்பீடு செய்வதாகக் கூறி ஆய்வாளர்களை ஏமாற்றியதாக 2019 மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்து, 5.01 கோடி டாலர் செலுத்த உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்ததும் அமெரிக்க வர்த்தக ஆணையமே.

மானியக் குழு 2017-ல் 38,653 இதழ்கள் கொண்ட அங்கீகாரப் பட்டியலை வெளியிட்டது. பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் அதில் சேர்ந்த இதழ்களில் ஆயிரத்துச் சொச்சத்தை ஆராய்ந்த குழு ஒன்று, அவற்றில் 88 சதவீதம் தரமற்றவை என்று 2018-ல் எழுதியது. அந்த ஆய்வை வெளியிட்டதும் பெங்களூருவின் "கரன்ட் சயின்ஸ்" இதழ்தான். அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. 2019-ல் "கேர்" என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, இதழ்களைத் தேர்வு செய்யும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே விடப்பட்டது. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்ற விதி 2022-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

குடியரசுத் தலைவர் வரை

விசாரிக்க ஓர் அமைப்பு இல்லாததன் விளைவை நாடு 2002-லேயே கண்டது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் ஒருவரின் கட்டுரை, குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பெயரில் வெளியானது. ஸ்டான்போர்டு பேராசிரியர்கள் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினர். அதன் பின்னரே விசாரணை வேகம் பெற்றது. 2003-ல் துணைவேந்தர் பதவி விலகினார். ஒரு கட்டுரைத் திருட்டுக்கு ராஷ்டிரபதி பவன் கதவைத் தட்ட வேண்டியிருந்தது!

அமெரிக்காவில் அரசு நிதி பெறும் மருத்துவ ஆய்வுகளில் நடக்கும் முறைகேடுகளைக் கண்காணிக்க 1992 முதல் தனி அலுவலகம் உள்ளது. இந்தியாவில் விஞ்ஞானிகளே சேர்ந்து 1986-ல் தொடங்கிய அறிவியல் விழுமியங்களுக்கான சங்கம் பல புகார்களை விசாரித்திருக்கிறது. ஆனால் அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது.

பணத்துக்குக் குறைவில்லை. வெளிநாட்டு ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் படிக்க வகை செய்யும் "ஒரே நாடு, ஒரே சந்தா" திட்டத்துக்கு 2025 முதல் 3 ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்க மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. கட்டுரைகளைப் படிக்க இத்தனை கோடி செலவிடும் அரசு, அவை மெய்யா என்று பார்க்க ஓர் அலுவலகத்தை ஏற்படுத்துமா என்று கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம்தான்.

இப்போதைக்கு மத்திய அரசு கையில் எடுத்திருப்பது மதிப்பெண். 2025-ம் ஆண்டின் தேசியத் தரவரிசையில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காக நிறுவனங்களின் மதிப்பெண்ணைக் கழிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. தவறை ஒப்புக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெறும் நிறுவனம் மதிப்பெண் இழக்கும். மூடி மறைக்கும் நிறுவனம் இழக்காது. புகார் வந்தால் விசாரிக்க வேண்டியதும் அதே நிறுவனம் அமைக்கும் குழுதான்.