மகவு பெறாத அன்னை

"ஐயா, கண்ணகிக்குப் பிள்ளைகள் எத்தனை?" எனப் பல்லேகமவில் யாம் கற்பித்த மாணவனொருவன் வினவினான். வகுப்பு நகைத்தது. "ஒருவரும் இலர்" என்றோம். "அவ்வாறாயின் அம்மன் என்பது ஏன்?" என்றான். நகைப்பு அடங்கிற்று.

கிரேக்கரின் பெண்தெய்வங்களிடையே மணநிலை பெரிதும் பேசப்படும். ஹீரா, சியூசின் மனைவி, திருமணத்தைக் காப்பவள், ஏரிசு, ஹீபி முதலியோரின் தாய். உரோமர் அவளை யூனோவாகக் கண்டனர். அதீனாவும் ஆர்ட்டெமிசும் ஹெஸ்தியாவும் என்றுங் கன்னியர். ஏதென்சிலுள்ள பார்த்தினன் கோயிலின் பெயரே கன்னியைக் குறிப்பது. எனினும் மண்ணிற் பிறந்த எரிக்தோனியசு என்னுங் குழவியை அதீனா எடுத்து வளர்த்தாள் என்பது அவர்தங் கதை. பெறாமலே தாயாதல் அங்கும் உண்டு போலும்!

கண்ணகியோ மணந்தவள், கணவனை இழந்தவள். கோவலன் மகளாகிய மணிமேகலையைப் பெற்றவள் மாதவியே. ஆயினும் மட்டக்களப்புப் பகுதியில் வைகாசிக் குளிர்த்தியின்போது அடியார் கண்ணகியையே அம்மனென அழைத்து மழையும் நலமும் வேண்டுவர். அவ்வாறு வேண்டும் நம்மவருள்ளும், பிள்ளையில்லாப் பெண்ணை மங்கல காரியங்களிற் பின்னிறுத்துவோர் உளர். இம்முரண்பாடு எமக்கு விளங்குவதில்லை.

சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமாகப் போற்றுவர். கண்டி எசலப் பெரகராவில் அவளது தேவாலயத்துக்கும் இடமுண்டு. குழந்தை நோயுற்றால், தாய்மார் எழுவரை வீட்டுக்கழைத்து உணவளிக்கும் 'கிரி அம்மா' தானமும் அவளை முன்னிட்டே நிகழும். கிரி என்பது பால். பெறாதவள் பெயரால் பாலூட்டிய தாயர்க்கு விருந்து! அத்தானத்தைத் தன் அயல்வீட்டிற் கண்டதாக அம்மாணவன் பின்னர் எம்மிடங் கூறினான்.