காத்தோங் கடற்கரைக் கற்களில் வாழும் சிப்பிகள்

காத்தோங் வட்டாரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தோர், வீட்டு வாசலுக்கு அருகிலேயே அலை மோதிய நாட்களை இன்றும் நினைவுகூர்வர். 1966ஆம் ஆண்டில் கிழக்குக் கரையோர நிலமீட்புப் பணி தொடங்கிய பின்னர் கடல் தெற்கே விலகிச் சென்றது. பிடோக், சிகிலாப் பகுதிக் குன்றுகளை வெட்டிய மண் கடலில் கொட்டப்பட்டது. அவ்வாறு எழுந்த நிலத்தில்தான் மரின் பரேட் குடியிருப்புப் பேட்டை அமைந்தது. புதிய கரையை அலை அரித்துவிடாமலிருக்கக் கருங்கல் அணைகள் இடப்பட்டன. கல் வந்து சேர்ந்ததும் அதில் ஒட்டி வாழும் உயிர்களுக்கும் இடம் கிடைத்தது.

இரட்டை ஓடுடைய இவ்வுயிர்கள் அனைத்தையும் நாம் பொதுவாகச் சிப்பி என்றே சொல்லிவிடுகிறோம். எனினும் அவற்றின் வாழ்முறை வேறு வேறு. பாறைச் சிப்பி தன் ஓடுகளுள் ஒன்றைக் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு ஆயுள் முழுவதும் அங்கேயே இருந்துவிடும். பச்சைச் சிப்பி நார் போன்ற இழைகளைச் சுரந்து, அவற்றால் கல்லைப் பற்றிக்கொள்ளும். மட்டியோ கற்களுக்கிடையே தேங்கிய மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழும். காத்தோங் லக்சாவில் நாம் சுவைக்கும் கெராங் சேற்று நிலத்துக்கு உரியது. அதைப் பாறையில் தேடிப் பயனில்லை.

கடல் வற்றியிருக்கும் வேளையில் கல்லணையை உற்றுநோக்கினால், சிப்பிகள் பெரும்பாலும் ஒரு பட்டை போல, குறிப்பிட்ட உயரத்தில் மட்டுமே செறிந்திருப்பதைக் காணலாம். காரணம் யாது? சிங்கப்பூரில் கடல் பொதுவாக நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது; பெரிய ஏற்றத்தின்போது நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ 3 மீட்டர். சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டு மூன்று வாரம் நீரில் மிதந்து, பின்னர் கல்லில் அமர்கின்றன. மிக உயரத்தில் அமர்ந்தவை வெயிலில் உலர்ந்து மடியும். மிகத் தாழ அமர்ந்தவற்றை ஓட்டைத் துளைக்கும் நத்தைகளும் நண்டுகளும் தின்றுவிடும். இடைப்பட்டவையே பிழைக்கின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் ராபர்ட் பெயின் என்னும் அறிஞர், பாறையிலிருந்து நட்சத்திர மீன்களை அகற்றிப் பார்த்தார். தின்பார் இல்லாத சிப்பிகள் கீழ்நோக்கிப் பரவி, பிற உயிர்களை நெருக்கி விரட்டின. 1966ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வு இன்றும் பேசப்படுகிறது.

சிப்பி நீருக்குள் இருக்கும்போதுதான் உண்ண இயலும். ஆதலின் உயரத்தில் இருப்பது மெதுவாகவே வளரும். ஓட்டின் அளவை மட்டும் கொண்டு வயதைக் கணித்தல் தவறாகும். நெருக்கமான இடத்தில் ஓடு கோணலாகவும் வளரும்.

சிப்பி உண்ணும் முறையை இல்லத்தரசிகள் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும். அது கடல்நீரை இடைவிடாது வடிகட்டி இரை தேடுகிறது. நீரில் கழிவு கலந்திருப்பின் நோய்க்கிருமிகளும் அதன் உடலில் சேர்ந்துவிடும். 1983ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பரவிய ஹெப்படைட்டிஸ் 'ஏ' என்னும் கல்லீரல் நோய், வேகாத கெராங் உண்டதனால் விளைந்ததே. 1988இல் ஷாங்காய் நகரில் இதே காரணத்தால் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நோயுற்றனர். சுவை கெடுமென்று கெராங்கின்மீது வெந்நீரை ஊற்றி உடனே எடுத்துவிடும் வழக்கம் போதுமானதன்று. ஓடு திறந்துகொண்டது என்பதும் வெந்துவிட்டதற்குச் சான்றாகாது. உட்சதை 90 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 90 வினாடியேனும் இருந்தால்தான் அக்கிருமி அழியும்.