கப்பலில் இடம் பதியுமுன் கேட்டுப் பெற வேண்டிய அளவுகள்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ‘மாற்றுத்திறனாளி ஸ்கூட்டர்’ என்றால், பின்புறம் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் வண்டிதான் நினைவுக்கு வரும். பட்டாசு ஆலை வெடி விபத்தில் கால் இழந்தவர்களும், தீக்காயத் தழும்பு இறுகி முழங்கால் மடங்காமல் போனவர்களும் அன்றாடம் நம்பியிருக்கும் அந்த வண்டியை, எரிபொருள் உள்ள காரணத்தால், சொகுசுக் கப்பலின் அறைக்குள் கொண்டுசெல்ல இயலாது. கப்பல்கள் ஏற்பது மின்கலத்தில் ஓடும் ‘மொபிலிட்டி ஸ்கூட்டர்’ எனப்படும் நடமாட்ட வண்டியை மட்டுமே. அதிலும் மின்கலம் ஈய அமில வகையா, லித்தியம் வகையா என்பதைப் பொறுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும்.

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் புறப்படத் தொடங்கி, மறு ஆண்டே இலங்கைத் துறைமுகங்கள் வரை சென்றதால், கடற்பயணம் தென்மாவட்டக் குடும்பங்களுக்கும் எட்டும் தொலைவுக்கு வந்தது. அந்தக் கப்பல் கட்டப்பட்டது 1990இல். கப்பலின் வயதைக் கேட்பது வீண் ஆராய்ச்சி அன்று. கதவகலமும் நடைவழியும் கட்டும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுவதால், பின்னாளில் புதுப்பித்தாலும் ஒருசில அறைகளையே மாற்ற முடிகிறது.

ஆகவே ‘மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது’ என்ற விளம்பரச் சொல்லை நம்பிப் பணம் கட்டுவதே இப்பயணத்தின் முதல் ஆபத்து. பல கப்பல்களில் சாதாரண அறையின் கதவு இரண்டடி அகலத்தை எட்டுவதில்லை. இந்தியக் கட்டடங்களுக்கான அணுகல் வழிகாட்டி நெறிகளோ கதவுக்கு 900 மில்லிமீட்டர் இடைவெளியைக் கேட்கின்றன. சக்கர நாற்காலி நின்ற இடத்திலேயே சுழலும். ஸ்கூட்டர் அப்படிச் சுழலாது, அதற்கு முன்னும் பின்னும் இடம் வேண்டும். எனவே சக்கர நாற்காலிக்குப் போதுமான அறை ஸ்கூட்டருக்குப் போதாமல் போகலாம். குளியலறை வாசலிலும் மேல்தளக் கதவிலும் நீர் புகாதிருக்க உயர்த்தப்பட்ட நிலைப்படி எத்தனை சென்டிமீட்டர், இரவில் வண்டியை அறைக்குள்ளேயே நிறுத்தி மின்னேற்ற முடியுமா, அங்குள்ள மின்னழுத்தம் 110 வோல்ட்டா 220 வோல்ட்டா ஆகியவற்றையும் கேட்டாக வேண்டும். தப்பிக்கும் வழி என்பதால் நடைவழியில் வண்டியை நிறுத்தக் கப்பல்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

தப்பிக்கும் வழியின் அருமை பட்டாசுத் தொழிலாளிக்குத் தெரியும். தள்ளினால் வெளிப்புறம் திறக்கும் கதவுகள் கொண்ட அறையில் வேலை பார்த்தவர் அவர். அபாய நேரத்தில் மின்தூக்கிகளைப் பயன்படுத்த முடியாமல் போகலாம் என்பதால், உயிர்காப்புப் படகு இருக்கும் தளத்துக்குத் தம்மை யார், எப்படிக் கொண்டுசெல்வார்கள் என்று அவர் கேட்பது சலுகைக் கோரிக்கை ஆகாது. கரை சேர்வதிலும் சிக்கல் உண்டு. லட்சத்தீவின் பல தீவுகளில் பெரிய கப்பல் கரையணைய முடியாமல் நடுக்கடலில் நிற்க, பயணிகள் சிறு படகில் ஏற்றப்படுகிறார்கள். ஆடும் படகுக்கு ஸ்கூட்டரைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. கரையில் பாலம் அமைத்து இறக்கும் துறைமுகங்கள் எவை என்று கேட்டறிந்தே பயணத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, எல்லாப் போக்குவரத்து வகைகளிலும் அணுகலை வலியுறுத்துகிறது; தனியார் சேவையாளரையும் அது கட்டுப்படுத்துகிறது. ‘நியாயமான தகவமைப்பு’, அதாவது மிகையான சுமையை ஏற்படுத்தாத அளவில் தேவையான மாற்றங்களைச் செய்து தருதல், அச்சட்டத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. சட்டத்தை மீறினால் முதன்முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. 2012இல் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட, மூளை முடக்குவாதம் உடைய ஜீஜா கோஷுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. அணுகல் நெறிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பு கதவை அகலப்படுத்தித் தருவதற்குள் பயணத் தேதி வந்துவிடும்.

அதனால் நடைமுறைப் பாதுகாப்பு எழுத்தில் இருக்கிறது. வண்டியின் நீளம், அகலம், எடை, மின்கல வகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, கதவு, நிலைப்படி, கரையிறக்கம் பற்றிய பதிலைப் பெற்ற பிறகே முன்பணம் கட்ட வேண்டும். தொலைபேசியில் சொன்ன ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதிலை நிரூபிப்பது கடினம். வாக்களித்த வசதி கிடைக்காவிட்டால், நிறுவனம் மும்பையில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சிவகாசி வட்டாரத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டுகள். பாகுபாடு தொடர்பான புகாரை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் அளிக்கலாம். கப்பல் அறைக் கதவின் குறுக்கே அளவுநாடாவைப் பிடித்து, எண் தெரியும்படி அன்றைக்கே எடுத்த ஒளிப்படமும், நிறுவனம் அளவைக் குறிப்பிட்டு அனுப்பிய மின்னஞ்சலும் எந்தப் புகாரோடும் இணைக்க வேண்டிய முதல் ஆவணங்கள்.