ஒளி பழகும் உயிர்கள் – 9: பளபளக்காத சிறகு

அப்பாவின் கண் பரிசோதனைக்கு நான்தான் துணைக்குப் போவேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொண்டு, இமைக்காமல் காத்திருப்பார். 'புஸ்' என்று காற்று வந்து கண்ணில் மோதும். ஒவ்வொரு முறையும் அதிர்ந்து பின்னால் சாய்வார். ஒவ்வொரு முறையும் அங்கிருக்கும் பெண், "அவ்வளவுதான் ஐயா, முடிஞ்சிருச்சு" என்பார். சீட்டில் இரண்டு எண்கள் விழும். 18, 19. அப்பா திருப்தியாக வெளியே வந்து காபி கேட்பார்.

எனக்குத்தான் திருப்தி வராது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஒரே நாளில் ஏறி இறங்கும் சமாச்சாரம். பலருக்கு அது உச்சத்துக்குப் போவது பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான். அந்த நேரத்தில் வெளிநோயாளிகள் பிரிவு பூட்டியிருக்கும். பகல் பதினொரு மணிக்கு எடுத்த ஓர் எண்ணை வைத்து மூன்று மாதத்தைத் தீர்மானிப்பது, சம்பளத் தேதியன்று மட்டும் வந்து பார்த்துவிட்டு "குடும்பம் செழிப்பா இருக்கு" என்று ஊரில் போய்ச் சொல்லும் உறவினரின் கணக்கு.

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் இடைவிடாமல் சுரந்து, ஓரத்தில் உள்ள நுண்ணிய வடிகால் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது. வடிகால் அடைத்துக்கொண்டால், குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோன தொட்டி கதைதான். ஆனால் இந்தத் தொட்டிக்கு வழிந்தோட இடமில்லை. அழுத்தம் ஏறி, பின்னாலிருக்கும் பார்வை நரம்பின் இழைகளை ஒவ்வொன்றாகக் கொல்கிறது. 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை வழக்கமான அளவு என்பார்கள். கிளாக்கோமா என்ற இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. ஓரப் பார்வையில் தொடங்கி மெல்ல மெல்லத் திருடும். இந்தியாவில் சுமார் 1.2 கோடிப் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற ஒரே வழி அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது. வைக்க வேண்டுமென்றால் முதலில் அளக்க வேண்டும்.

அளக்கும் கருவியைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன? இந்த யோசனை பழையது, செய்தும் விட்டார்கள். மின்சுருள் பொதிந்த ஒரு வளையத்தைக் கண்புரை அறுவையின்போது உள்ளே வைக்கும் முறைக்கு ஐரோப்பாவில் 2017இல் அனுமதி கிடைத்தது. ஆனால் வளையம் பெரிது, சென்டிமீட்டர் கணக்கு. மின்சாரத்தை வாங்கி, எண்ணைத் திருப்பி அனுப்பச் சுருள் வேண்டும். சுருளுக்கு இடம் வேண்டும்.

அமெரிக்காவில் கால்டெக் பல்கலைக்கழகத்தின் ஹ்யூக் சூ மின்சாரத்தையே விட்டுவிட்டார். அவருடைய குழு செய்தது ஒரு குட்டி முரசு. அகலம் ஒரு மில்லிமீட்டர் அளவு. அடியில் கெட்டியான பரப்பு, மேலே மெல்லிய படலம், நடுவே ஓர் இடைவெளி. கண்ணில் அழுத்தம் கூடினால் முரசின் தோல் உள்ளே குழியும், இடைவெளி சுருங்கும். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதன்மேல் பாய்ச்சினால், மேல் படலத்தில் பட்டுத் திரும்புவதும் அடியில் பட்டுத் திரும்புவதும் ஒன்றோடொன்று கலந்து, சில அலைநீளங்கள் வலுத்தும் சில மங்கியும் வரும். சோப்புக் குமிழியின் தோலில் வண்ணங்கள் ஓடுவதும் இதே கணக்கில்தான். தோலின் தடிமன் மாற மாற நிறம் மாறுகிறது. வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் இடைவெளி தெரியும், இடைவெளி தெரிந்தால் அழுத்தம் தெரியும். பேட்டரி இல்லை, கம்பி இல்லை. ஃபாப்ரி, பெரோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் கண்ட விஷயம், முயலின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

உட்கார்ந்த பிறகுதான் தொல்லை. ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, ஒளியைப் பாய்ச்சி எண்ணைப் படிக்கும் கைக்கருவியை முரசுக்கு நேர் செங்குத்தாகப் பிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு பிசகியது. ஆய்வகத்து மேஜையில் இது பெரிய விஷயமில்லை. கண் என்பதோ ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காத உறுப்பு. என் அப்பா தன் கையில் கருவியைப் பிடித்துத் தன் கண்ணைத் தானே அளக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கை நடுங்காமலிருந்தால் கண் அலையும்.

இரண்டாவது தொல்லை உடம்பினுடையது. வெளியிலிருந்து எதை உள்ளே வைத்தாலும் உடம்பு அதை அந்நியன் என்றே பார்க்கும். முதலில் புரதங்கள் வந்து ஒட்டும். புரதத்தைப் பிடித்துக்கொண்டு செல்கள் ஏறும். நாளாக நாளாகக் கருவியைத் திசு மூடிவிடும். முரசின் தோல்மேல் சேறு பூசினால் நாதம் எங்கே வரும்?

இங்கேதான் பட்டாம்பூச்சி வருகிறது. இரண்டு பட்டாம்பூச்சிகள் என்று சொல்ல வேண்டும்.

ரத்வானுல் ஹசன் சித்திக் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வாளராக இருந்தபோது ஆராய்ந்தது, மத்திய அமெரிக்காவில் பறக்கும் கிரேட்டா ஓட்டோ என்ற கண்ணாடிச் சிறகுக்காரியை. சிறகு நிஜமாகவே கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் கண்ணாடி மாதிரிப் பளபளக்காது. நம் ஜன்னல் கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கப் பார்க்க வெளிச்சம் எகிறி அடிக்கும். இந்தச் சிறகோ நேராகப் பார்த்தாலும், 80 பாகை சாய்த்துப் பார்த்தாலும் 2 முதல் 5 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. 2015இல் வெளியான அந்த ஆய்வு காரணத்தையும் சொன்னது. சிறகின்மேல் ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லிய தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. சென்ற வாரம் அந்துப்பூச்சியின் கண்ணில் பார்த்தோமே, அதே உத்தி: காற்றிலிருந்து சிறகுக்குள் நுழையும் ஒளிக்கு வாசற்படி இல்லை, சறுக்குச் சரிவுதான். ஆனால் அந்துப்பூச்சியின் கண்ணில் மொட்டுகள் வரிசை பிசகாமல் நிற்கும். கிரேட்டா ஓட்டோவில் தூண்களின் உயரம் தாறுமாறு. அந்த ஒழுங்கின்மைதான் எல்லாக் கோணத்திலும் பளபளப்பை அடக்குகிறது. அளந்து வைத்ததைவிட அள்ளித் தெளித்தது நன்றாக வேலை செய்வது, எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த செய்தி.

(இதே சித்திக் இன்னொரு ஆய்வில் எடுத்துக்கொண்டது நமக்குத் தெரிந்த பூச்சி. ஆடுதீண்டாப்பாளை இலையைத் தின்று வளரும் கறுத்த ரோஜா அழகி. அதன் கறுப்புச் செதில்களில் உள்ள ஒழுங்கற்ற துளைகளைப் பார்த்து, சூரியத் தகடு அதிக ஒளியை உறிஞ்சும் வழியைக் குழு கண்டது. 2017இல் வந்தது. வேலியோரம் பறப்பதை நாம் பார்த்தோம். அவர்கள் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள்.)

பிறகு சித்திக் கால்டெக்குக்குப் போய் சூவின் குழுவில் சேர்ந்தார். இந்த முறை எடுத்தது கோரினியா ஃபௌனஸ், தென் அமெரிக்காவின் நீள்வால் கண்ணாடிச் சிறகுப் பூச்சி. அதன் சிறகில் இருப்பவை நெட்டைத் தூண்கள் அல்ல, குட்டையான குமிழ் மேடுகள். எந்தக் கோணத்தில் ஒளி வந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஊடுருவவிடும். கைக்கருவியின் சாய்வுத் தொல்லைக்கு வேண்டியது அதுதானே!

மேடுகளைச் செய்த விதம் சமையலறை வேலை மாதிரி. ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பிளாஸ்டிக்குகளை ஒரே கரைப்பானில் கரைத்து, தகட்டின்மேல் ஊற்றி வேகமாகச் சுழற்றுகிறார்கள். கரைப்பான் ஆவியாகும்போது இரண்டும் பிரிந்துவிடுகின்றன, ரசத்தின்மேல் நெய் தனித்தனி வட்டங்களாக நிற்பதுபோல. ஒன்றைக் கழுவி எடுத்துவிட்டால் மிஞ்சிய புள்ளிகளே அச்சு. அந்த அச்சை வைத்து சிலிக்கான் நைட்ரைடு படலத்தில் மேடுகளை உருவாக்குகிறார்கள். ஒவ்வொன்றும் சுமார் 100 நானோமீட்டர் குறுக்களவு, ஏறக்குறைய 150 நானோமீட்டர் இடைவெளி. ஒரு தலைமுடியின் குறுக்கே பல நூறு மேடுகளை வரிசையாக வைக்கலாம்.

கோணத் தொல்லை தீர்ந்தது. படிப்பதில் வந்த பிழை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இரண்டாவது தொல்லையையும் அதே மேடுகளே தீர்த்தன. ஆனால் அதற்கு அவர்கள் பட்டாம்பூச்சியை மீற வேண்டியிருந்தது.

பட்டாம்பூச்சிச் சிறகுகள் பொதுவாகத் தண்ணீரை அண்டவிடாது. நனைந்த சிறகோடு பறக்க முடியாதே. மேடுபள்ளம் ஒரு பரப்பின் சுபாவத்தை மிகைப்படுத்தும். தண்ணீர் பிடிக்காத பரப்பு மேடுபள்ளமானால் தாமரை இலையைப் போலத் தண்ணீரை உருட்டித் தள்ளும். தண்ணீர் பிடித்த பரப்பு மேடுபள்ளமானால் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கான் நைட்ரைடு இரண்டாவது ரகம். மேடுகளைச் சுற்றித் தண்ணீர் ஒரு போர்வையாகப் படிந்துவிட, புரதங்களுக்குக் கால் ஊன்ற இடமில்லை. புரதமே நிற்காத இடத்தில் செல்கள் எப்படி ஏறும்? ஒட்டுதல் முந்தைய வடிவமைப்போடு ஒப்பிட்டால் சுமார் பத்து மடங்கு குறைந்தது.

மேடுகள் குட்டையாக இருந்ததும் தோதாகப் போயிற்று. சில்வண்டின் சிறகில் உள்ள கூரான தூண்கள் மேலே வந்து உட்காரும் பாக்டீரியாவைக் கிழித்தே கொல்லும் என்று 2012இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணுக்குள் அந்த ஈட்டிகளை நட்டால் நம் செல்களின் கதி? குட்டை மேடு யாரையும் குத்தாது, ஒட்டவிடாமல் அனுப்பிவிடும்.

'இயற்கையைப் பார்த்துக் காப்பியடித்தார்கள்' என்று இந்தச் செய்தியை எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். சிறகின் பொருளை விட்டார்கள். தண்ணீர் மேல் அதற்கிருக்கும் வெறுப்பைத் தலைகீழாக்கினார்கள். மேட்டின் வடிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். காப்பியடிக்கிற பையன் பக்கத்து விடைத்தாளில் உள்ள எழுத்துப்பிழையையும் சேர்த்து எழுதுவான். இவர்கள் எதை எழுதக் கூடாது என்று தெரிந்து எழுதியவர்கள்.

விநாயக் நரசிம்மனை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வுக்கட்டுரை 2018இல் 'நேச்சர் நானோடெக்னாலஜி' இதழில் வந்தது. சோதனை நடந்தது நியூசிலாந்து வெள்ளை முயல்களின் கண்களில். வழக்கமான கருவியால் அளந்ததைவிட உள்ளே இருந்த முரசு தந்த எண்களில் ஏற்றத்தாழ்வு குறைவு. கண்ணில் அழற்சியும் இல்லை. முயல் கண்ணிலிருந்து மனிதக் கண்ணுக்கு வரும் வழி நீண்டது. கண்ணை அறுத்து உள்ளே வைக்க வேண்டிய பொருள் என்பதால், அனுமதி கொடுப்பவர்கள் அவசரப்பட மாட்டார்கள், படவும் கூடாது.

போன மாதம் பரிசோதனை முடிந்து திரும்பும்போது ஆட்டோவில் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். முரசு, நெய் வட்டம், தண்ணீர்ப் போர்வை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ அந்தக் காத்து அடிக்க மாட்டாங்களா?"

"அடிக்கத் தேவையில்லைப்பா."

கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே வெளியே பார்த்தார்.

"முயலுக்கு வந்திருச்சு, பாரு."